பி.ஏ. எக்கனாமிக்ஸும் ஒரு நீள நோட்டும்



போன வாரம் ஒரு பழைய மாணவர் போன் செய்தார். கொட்டாம்பட்டிப் பக்கம் கடை வைத்திருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாளாம். "சார், எம் மக பி.ஏ. எக்கனாமிக்ஸ்தான் சேருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நாங்க எல்லாரும் பி.காம்., இல்லாட்டி கம்ப்யூட்டர்ங்கிறோம், கேக்க மாட்டேங்கிறா. நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா கேப்பா சார்" என்றார். முப்பத்திரண்டு வருடம் அந்தப் பாடத்தை நடத்திச் சோறு தின்றவனிடமே அதை வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறார்! கோபம் வரவில்லை. 1973இல் நான் பி.ஏ. பொருளாதாரத்தில் சேர்ந்தபோது எங்கள் அப்பாவும் ஏறக்குறைய இதே நிலையில்தான் இருந்தார். "ஏன், பையனுக்கு பி.எஸ்சி. கெடைக்கலயா?" என்று டீக்கடையில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"நாலு நாள் டைம் குடுப்பா" என்று சொல்லி வைத்தேன். அந்த நாலு நாளில் பழைய புத்தகங்களைப் புரட்டி, பழைய நினைவுகளையும் புரட்டி எழுதியதுதான் இந்தப் பதிவு. நீளம்தான். என் வகுப்பில் தூங்கியவர்கள் இதிலும் தூங்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இந்தப் பாடம் நம் பி.ஏ.வுக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் பொருளாதாரத்துக்கென்று தனி பி.ஏ. கிடையாது. 'அரசியல் பொருளாதாரம்' என்ற பெயரில், வரலாறு, தத்துவம் போன்ற பாடங்களோடு ஒட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தம் மாதிரி ஓரமாக நின்றது. இதில் நமக்கு மட்டும் குறைச்சல் இல்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலேயே ஆல்பிரட் மார்ஷல் போராடி, பொருளாதாரத்துக்கென்று தனித் தேர்வுமுறை வாங்கியது 1903இல்தான்.

இங்கே படித்த புத்தகங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1848இல் வந்த ஜான் ஸ்டூவர்ட் மில்லின் நூல், 1863இல் வந்த ஹென்றி ஃபாசெட்டின் கையேடு. இரண்டும் நல்ல புத்தகங்கள்தான். ஆனால் அவை பேசிய உலகம் வேறு. சந்தையை அதன் போக்கில் விட வேண்டும், தானிய வியாபாரத்தில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துப் பொருளாதாரத்தின் பெரிய பாடம். 1876இல் தாது வருடப் பஞ்சம் வந்தபோது வைஸ்ராய் லிட்டனின் அரசு அந்தப் பாடத்தை ஒரு எழுத்து பிசகாமல் கடைப்பிடித்தது. மதுரைச் சீமையில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. பாட்டிமார் சொல்லக் கேட்ட கதைகளில் நாம் கண்ணீர் விட்ட பஞ்சம் அதுதான். ஒரு பாடத்தைத் தப்பான இடத்தில் ஒப்பித்தால் மதிப்பெண் மட்டும் போகாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தப் பாடத்தை எதிர்த்துக் கணக்குப் போட்டவர்கள் யாரும் பொருளாதாரப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை என்பதுதான் வேடிக்கை. தாதாபாய் நவுரோஜி கணிதப் பேராசிரியர். ரானடே நீதிபதி. நம் ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளிக்கூட வாத்தியார்; 'இந்து'வையும் 'சுதேசமித்திர'னையும் தொடங்கியவர். இந்தியாவின் செல்வம் எப்படி வெளியே போகிறது, விவசாயி ஏன் கடனாளியாகிறான் என்று பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரம் பற்றி 1903இல் அவர் ஒரு புத்தகமே போட்டார். வாத்தியார் என்பதால் கொஞ்சம் கூடுதலாகப் பெருமைப்பட்டுக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளாதாரத்துக்கென்று ஒரு பேராசிரியர் பதவியை உண்டாக்கி, 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயரை அழைத்து வந்தது. அதற்கு முன் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். அது தொழிலாளர்கள் படிப்பதற்காக ஏற்பட்ட கல்லூரி. சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்கானது இல்லை. அந்தப் பழக்கத்தோடு வந்த மனிதர் சென்னையில் தம் மாணவர்களைப் பார்த்தார். மில்லைக் கேட்டால் மில்லைச் சொல்வார்கள். மார்ஷலைக் கேட்டால் மார்ஷலைச் சொல்வார்கள். சொந்த ஊரில் ஒரு நாள் கூலி எவ்வளவு, ஒரு குடும்பத்துக்கு எத்தனை மரக்கால் நெல் வேண்டும் என்று கேட்டால்?

அவர் செய்த காரியம் ரொம்ப எளிமையானது. ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். லீவுக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் அதைக் கொடுத்தார். உங்கள் ஊரில் எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், என்ன கூலி, யார் யாரிடம் கடன், என்ன வட்டி, எத்தனை மாடு; எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அப்படி வந்தவற்றில் நன்றாக இருந்தவற்றைத் தொகுத்து 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பெயரில் 1918இல் புத்தகமாக வெளியிட்டார். பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வு வரிசையில் அதுதான் முதல் நூல்.

அதில் உள்ள நம் தமிழ்நாட்டு ஊர்களின் பெயரைச் சொல்கிறேன், சிலருக்குச் சொந்த ஊராகக்கூட இருக்கலாம். தென்னாற்காட்டில் இருவேல்பட்டு, வடஆற்காட்டில் தூசி, தஞ்சாவூரில் பாலக்குறிச்சி, திருநெல்வேலியில் கங்கைகொண்டான், அன்றைய ராமநாதபுரத்தில் வடமலைபுரம். வடமலைபுரம் இன்று விருதுநகர் மாவட்டம், நமக்குப் பக்கம்தான். கங்கைகொண்டான் என்றதும் இன்றைக்குத் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும்.

இருவேல்பட்டில் படியாட்கள் இருந்தார்கள் என்று அந்த ஆய்வு எழுதி வைத்திருக்கிறது. முன்பணம் வாங்கி, அதை அடைக்க முடியாமல், படி நெல்லுக்கு ஒரே வீட்டில் உழைத்துக்கொண்டே இருந்தவர்கள். அதை எழுதியது வெள்ளைக்கார அதிகாரி இல்லை, காலேஜில் படிக்கும் பையன். 1916இல் காலேஜ் போகும் பையன் எந்த மாதிரி வீட்டிலிருந்து வந்திருப்பான் என்று உங்களுக்கே தெரியும். படியாள் வீட்டிலிருந்து வந்திருக்க மாட்டான். அவன் எதைப் பார்த்தான், எதைப் பார்க்காமல் விட்டான் என்று நாம் சந்தேகப்படலாம், சந்தேகப்படவும் வேண்டும். ஆனாலும் எழுதி வைத்தான். நூறு வருடம் கழித்து நமக்கு அது கிடைத்தது.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த நூல் அத்தோடு நிற்கவில்லை. இருபது வருடம் கழித்து, 1930களின் விலைவீழ்ச்சி விவசாயிகளைப் படுத்தி எடுத்த பிறகு, பி. ஜே. தாமஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆய்வு செய்ய வைத்து 1940இல் புத்தகம் போட்டார்கள். பிறகு 1980களில், மால்கம் ஆதிசேசையா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இல் இன்னொரு முறையும் போனார்கள். படியாள் முறை போய்விட்டது. உழைக்கும் மக்கள் ஒரே பண்ணையை நம்பியிருந்த நிலையும் போய்விட்டது. ஊருக்கு வெளியே வேலை தேடிப் போகிறார்கள் என்று எழுதினார்கள். ஒரே ஊரை இப்படித் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த கணக்கு உலகத்திலேயே அதிகம் கிடையாது. அதற்கு விதை போட்டது பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கொடுத்த ஒரு லீவு வீட்டுப்பாடம்!

அதே 1918இல் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் ஒரு இளம் பொருளாதாரப் பேராசிரியர் வேலைக்குச் சேர்ந்தார். இந்தியாவில் நிலம் துண்டு துண்டாகக் கிடப்பது பற்றி அந்த வருடமே ஒரு கட்டுரை எழுதினார். துண்டு நிலத்தை ஒட்ட வைத்தால் மட்டும் போதாது, நிலத்தை நம்பிக் கிடக்கிற உபரி ஆட்களுக்குத் தொழிலில் வேலை வேண்டும் என்றார். அவர் பெயர் பி. ஆர். அம்பேத்கர். சட்டம் எழுதியவராகத்தான் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். முதலில் அவர் எங்கள் ஆள்.

இன்னொருவர் நம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தவர். ஜே. சி. குமரப்பா, 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதை வரிக்கணக்கு வழியாக ஆராய்ந்த அந்தப் படிப்புதான் அவரைக் காந்தியிடம் கொண்டு சேர்த்தது. காந்தி அவரிடம் என்ன வேலை கொடுத்தார் தெரியுமா? குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மாதர் தாலுகாவின் கிராமங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொன்னார். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. மாணவர்கள்தான் அவருக்கு நாக்கும் காதும். அந்த மனிதர் கடைசிக் காலத்தில் வந்து தங்கியது நம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில். 1960 ஜனவரி 30இல், காந்தி மறைந்த அதே தேதியில், அவரும் மறைந்தார். மதுரையில் பி.ஏ. பொருளாதாரம் மூன்று வருடம் படித்தேன். ஒரு பஸ் ஏறினால் போகிற தூரத்தில் அப்படி ஒருவர் வாழ்ந்தார் என்று எனக்கு அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

சரி, என் படிப்புக்கு வருகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம்.

1969இல் 14 வங்கிகளை அரசுடைமையாக்கினார்கள். பேங்க் கிளைகள் ஊர் ஊராகத் திறக்க, பேங்க் பரீட்சை எழுத ஒரு பட்டம் வேண்டும் என்று பையன்கள் பொருளாதாரம் பக்கம் வந்தார்கள். மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் வந்திருந்தது; அஞ்சல் வழிக் கல்வி 1971இல் தொடங்கியது. பஸ் கண்டக்டர், தாலுகா ஆபீஸ் கிளார்க், ராணுவத்தில் இருந்து வந்தவர் என்று பலர் அதில் பி.ஏ. எக்கனாமிக்ஸ் எழுதிப் பாஸ் பண்ணினார்கள். நம்மூரிலேயே அரசு கலைக் கல்லூரி வந்ததும் மதுரைக்குப் போய்வரப் பஸ் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் பட்டம் பார்த்தார்கள். யாரும் இதைக் குறைவாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. ஒரு வீட்டில் முதல் பட்டம் என்பது சாதாரணக் காரியம் இல்லை.

ஆனால் வகுப்பில் நடந்தது டிக்டேஷன். பேராசிரியர் மஞ்சள் பூத்த நோட்டைப் பார்த்துச் சொல்வார், நாங்கள் எழுதுவோம். பொருளாதாரத்துக்கு நான்கு இலக்கணம்: ஆடம் ஸ்மித் சொன்ன செல்வ இலக்கணம், மார்ஷலின் நல இலக்கணம், ராபின்ஸின் பற்றாக்குறை இலக்கணம், சாமுவேல்சனின் வளர்ச்சி இலக்கணம். 1776, 1890, 1932, 1948 என்று வருடம் வரை மனப்பாடம். இன்றைக்கும் நடுராத்திரி எழுப்பிக் கேட்டால் சொல்வேன். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட எந்த ஊருக்கும் போய் எதையும் எண்ணவில்லை. ஸ்லேட்டர் என்ற பெயரே நான் எம்.ஏ. படிக்கும்போது நூலகத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டதுதான்.

நான் படித்தது தமிழ்வழி. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் சோதனையாகப் பட்டப்படிப்பைத் தமிழில் நடத்திப் பார்த்தார்கள். தமிழில் எக்கனாமிக்ஸ் முடியுமா என்று சிரித்தவர்கள் உண்டு. தமிழ் வெளியீட்டுக் கழகமும் அதன்பின் பாடநூல் நிறுவனமும் கல்லூரிப் புத்தகங்களைக் கொண்டுவந்தன. கலைச்சொல் உண்டாக்கியவர்கள் பட்ட பாட்டை அந்தப் பக்கங்களிலேயே பார்க்கலாம். இறுதிநிலைப் பயன்பாடு, தேவை நெகிழ்ச்சி, சமநோக்கு வளைகோடு... சில சொற்கள் நாக்கில் முள்ளாகக் குத்தின. சில சொற்கள் தங்கம்.

தங்கத்துக்கு ஒரு உதாரணம், 'வாரம்'.

ரிக்கார்டோவின் வாரக் கோட்பாடு. என்னிடம் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும், பத்து மார்க் கேள்வி. முதல் தடவை அதை நடத்தியபோது பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், அந்த ரிக்கார்டோ ஊர்ல வாரம் பாதிக்குப் பாதியா, மூணுல ஒண்ணா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் வீட்டுக்குப் போய் யோசித்தால், பையன் கேட்டதில் தப்பே இல்லை. அவன் அப்பா வாரத்துக்கு உழுகிறவர். அவனுக்கு வாரம் என்றால் களத்து மேட்டில் நெல்லைப் பங்கு போடுவது. 1956இல் நம் சட்டமன்றம் நியாய வாரச் சட்டம் கொண்டுவந்து, நஞ்சையில் நிலக்காரருக்கு விளைச்சலில் 40 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. பின்னால் அதை 25 ஆகக் குறைத்தார்கள். அவன் கேட்டது அந்த வாரம்.

ரிக்கார்டோ 1817இல் சொன்னது, அந்தப் பங்கு ஏன் உண்டாகிறது என்பது. நல்ல நிலத்தை முதலில் உழுகிறோம். ஜனம் பெருகப் பெருகச் சுமாரான நிலத்துக்கும் போகிறோம். கடைசி நிலத்தில் பாடுபட்ட செலவு கைக்கு வந்தால் போதும் என்ற நிலை. அதே பாட்டுக்கு நல்ல நிலத்தில் கூடுதலாக விளைகிறதே, அந்த மிச்சம்தான் வாரம். அது உழுதவன் கெட்டிக்காரத்தனத்தால் வந்தது இல்லை. நிலம் இருக்கும் இடத்தால் வந்தது.

மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டுக் கரும்பலகையில் பெரியாறு கால்வாயை வரைந்தேன். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை ஏறத்தாழ 45,000 ஏக்கர், இருபோகம். ஜூனில் தண்ணீர் வந்துவிடும். கள்ளந்திரிக்குக் கீழே நாம். 85,000 ஏக்கருக்கு மேல், ஒருபோகம். நமக்குச் செப்டம்பரில், அதுவும் வைகை அணையில் இருப்பு இருந்தால். கடைமடையில் இருப்பவனுக்கு அதுவும் சந்தேகம். அதே நெல், அதே உழைப்பு. ரிக்கார்டோ மண்ணின் வளம் என்றார். நம்மூரில் வளம் என்பது தண்ணீர் வரும் முறை. "இப்ப சொல்லுடா, கள்ளந்திரிக்காரருக்குக் கூடுதலா வர்றது யாரு பாட்டுக்குக் கூலி?" என்றேன். பின் பெஞ்ச் பையன் உடனே சொன்னான்: "பென்னிகுயிக் பாட்டுக்கு சார்!" அந்தப் பதிலுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். (அணை கட்ட எடுத்த நிலத்துக்குத் திருவிதாங்கூருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கருக்கு வருடம் 40,000 ரூபாய் என்று 1886இல் 999 வருடத்துக்கு எழுதிய குத்தகையையும், 1970இல் அது ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனதையும் அன்றே நடத்தினேன். இரண்டு பீரியடு போனது. கணக்கு சார் சண்டைக்கு வந்துவிட்டார்.)

'தேவை' என்ற சொல் மட்டும் கடைசி வரை என்னைப் படுத்தியது. பொருளாதாரத்தில் தேவை என்றால் ஆசை மட்டும் போதாது; வாங்கக் கையில் காசும், கொடுக்க மனமும் வேண்டும். காசு இல்லாதவன் பசி தேவைக் கணக்கில் வராது. "பசிச்சா தேவை இல்லையா சார்?" என்று வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். தாது வருடத்தில் தானியம் கப்பலேறியதற்கு விளக்கம் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அமர்த்தியா சென் 1981இல் பஞ்சங்களைப் பற்றி எழுதிய நூலில் சொன்னதும் இதையொட்டித்தான்: உணவு இல்லாததால் மட்டும் பஞ்சம் வருவதில்லை, இருக்கும் உணவைப் பெற வழி இல்லாததாலும் வருகிறது.

இனிச் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில்கூட.

1991இல் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள், மன்மோகன் சிங் பட்ஜெட், தாராளமயம் என்று நாடே பொருளாதாரம் பேசிக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு உற்சாகம். 1992 பொங்கல் லீவில் நம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஸ்லேட்டர் கொடுத்த மாதிரி ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தேன். சொந்த ஊரில், சொந்தத் தெருவில் பத்து வீடு. நிலம், தண்ணீர், கூலி, கடன், வட்டி. அவ்வளவுதான்.

பாதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக எழுதிக் கொண்டுவந்தார்கள் (யார் யார் என்று எனக்குத் தெரியும்!). ஒரு மாணவி மட்டும் பத்து வீட்டுக்குப் பதில் முப்பத்தாறு வீடு போயிருந்தாள். ஊர்ப்பெயர் வேண்டாம். கூலி வேலை செய்கிற தெரு. நீள நோட்டில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. நடவுக்கு, களையெடுப்புக்கு, அறுப்புக்கு ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன. ஒரு பத்தியிலும் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் பாதியைத் தாண்டவில்லை. அடுத்த பத்தியில் கடன். யாரிடம் வாங்கியது, எதற்கு, மாதம் என்ன வட்டி. பெரும்பாலான வீடுகளுக்கு நேரே ஒரே பெயர்.

அந்த மாதம்தான் கூலி பற்றிய பாடம் நடந்தது. தொழிலாளியின் இறுதிநிலை உற்பத்தித் திறனுக்குச் சமமாகக் கூலி அமையும் என்று நடத்தினேன். அந்தப் பெண் கை தூக்கியது. "சார், எங்கம்மா நட்டா நாத்து பாதிதான் வளருமா?"

என்னிடம் பதில் இல்லை. சம ஊதியச் சட்டம் 1976இல் வந்திருக்கிறது என்று சொன்னேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பத்து நாளில் தலைமையாசிரியர் அறைக்கு அழைப்பு வந்தது. அந்தக் கடன் பத்தியில் இருந்த பெயர்க்காரர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் படிக்க அனுப்பினால் ஊரை வேவு பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறீர்களா என்று கேட்டார். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அவர் போன பிறகு தலைமையாசிரியர், "பாடத்த மட்டும் நடத்துங்க சார். ரிசல்ட் வரணும்" என்றார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. அன்றைக்கே எல்லா நோட்டையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதற்கப்புறம் ஓய்வு பெறும் வரை, இருபத்தோரு வருடம், அந்தக் கேள்விப் பட்டியலை எடுக்கவே இல்லை. டிக்டேஷன் கொடுத்த என் பேராசிரியரை இத்தனை வருடம் குறை சொல்லியிருக்கிறேன். அவருக்கும் இப்படி ஒரு பீரோ இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

நோட்டை வாங்கும்போது அவள் கேட்டாள், "நான் எழுதினது தப்பா சார்?"

"தப்பில்லம்மா. இப்பப் பரீட்சை நேரம்" என்றேன்.

அந்தப் பெண் பொதுத்தேர்வில் நல்ல மார்க். கூலிக் கேள்விக்குப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதினேன் என்று சொன்னாள். மேலே பி.ஏ. பொருளாதாரம் சேரவில்லை. வேறு படித்து, இப்போது நல்ல வேலையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

இப்போது கொட்டாம்பட்டிக்காரரின் கேள்விக்கு. நாலாம் நாள் நானே போன் செய்து, "உன் மகளிட்ட குடுப்பா" என்றேன். ஏம்மா எக்கனாமிக்ஸ் என்று கேட்டேன். பேங்க் பரீட்சை, டி.என்.பி.எஸ்.சி. என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை என்று 2010இல் சட்டம் வந்த பிறகு எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் சொல்கின்றன. சொல்வதில் தப்பும் இல்லை. இவள் வேறு சொன்னாள்.

"தாத்தா, போன வருசம் நம்ம அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டனுக்கு ஏலம் விட்டாங்கள்ல. ஊரே நடந்துச்சு, நானும் அப்பாவோட நடந்தேன். அப்புறம் ரத்து பண்ணிட்டாங்க. அந்த மலைக்கு, கண்மாய்க்கு, கோயிலுக்கெல்லாம் என்ன விலைன்னு யாராச்சும் கணக்குப் போட்டாங்களா, போட்டா எப்பிடிப் போட்டாங்கன்னு தெரிஞ்சுக்கணும்."

2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த ஊர் அரிட்டாபட்டி. அதையும் உள்ளிட்ட சுமார் 2,015 ஹெக்டேருக்கு 2024 நவம்பரில் ஏல முடிவு வந்தது. 2025 ஜனவரியில் ரத்தானது. மேலூரிலிருந்து மதுரைக்கு அத்தனை ஜனம் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள், சிலர் நடந்தீர்கள். அதிலிருந்து இப்படி ஒரு கேள்வி ஒரு பிளஸ் டூ பிள்ளைக்கு வந்திருக்கிறது.

"சேரட்டும்ப்பா" என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "புள்ளியியல் பேப்பரையும் கணக்கையும் விடாம படிக்கச் சொல்லு. அதுல கோட்ட விட்டா மத்ததெல்லாம் வெறும் பேச்சு" என்றும் சொன்னேன். அவருக்கு என் மேல் வருத்தம்தான். கடைக்குப் போனால் டீ வாங்கித் தருவாரா என்று தெரியவில்லை.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. 2013இல் ஓய்வு பெற்றபோது பீரோவைக் காலி செய்து அந்த நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கற்பனையாக எழுதியவை கரையான் அரித்துப் போயின (உண்மையாகவே). நீள நோட்டு நன்றாக இருக்கிறது. முப்பத்தாறு வீடும் அப்படியே இருக்கிறது.

அம்மா, இந்தப் பதிவு உன் கண்ணில் படும் என்று நினைக்கிறேன். உன் செட் பிள்ளைகள் யாராவது காட்டுவார்கள். அன்றைக்கு நான் சொன்ன பதில் சரியில்லை. அந்த நோட்டு உன்னுடையது, எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள். கொட்டாம்பட்டிப் பெண் கல்லூரி லீவில் அதே தெருவுக்குப் போய் அதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்க ஆசைப்படுகிறாள். முப்பத்து மூன்று வருடம் ஆகிறது. கடன் பத்தியில் உள்ள பெயரை மறைத்துவிட்டு ஒரு ஜெராக்ஸ் எடுத்து அவளிடம் கொடுக்கலாமா? நீ சரி என்று சொன்னால்தான் கொடுப்பேன். பொதுவில் பதில் எழுத வேண்டாம். என் பழைய நம்பர்தான், மாற்றவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.